மீராவுக்கு இன்னும் ஒரு சர்ட்டிபிகேட் எதற்கு?

கோட்டை,
திருவனந்தபுரம்.

அத்திம்பேருக்கு வெங்கடகிருஷ்ணன் அனேக நமஸ்காரம். அக்காவுக்கும் அப்படியே. இவ்விடம் அனைவரும் க்ஷேமம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா நகர மாட்டேன் என்கிறது. நீங்கள் பார்த்துக் கொண்டுவந்த திருநெல்வேலி வரனை என் பெண் மீரா கெடுத்துவிட்டாள்.

எம்.பி.பி.எஸ். முடித்தாள், மனநோய்க்கு எம்.டி. முடித்தாள், போதாதா? அபின், போதை ஊசி, வலி மாத்திரை என்று அடிமையானவர்களை மீட்கிற டாக்டர்களுக்குத் தனியாக ஒரு சர்ட்டிபிகேட் இருக்கிறதாம், அதற்கும் பரீட்சை எழுதியே தீருவாளாம். முப்பத்தொரு வயசுப் பெண்ணுக்குத் தாலி வேணுமா, சர்ட்டிபிகேட் வேணுமா, நீங்களே சொல்லுங்கோ. பெண் பார்க்க வந்த அன்னிக்குப் பிள்ளையோட அம்மா, "அடுத்து என்ன படிக்கப்போறே?"ன்னு ஆசையா கேட்டா. "போதைக்கு அடிமையானவாளுக்கு வைத்தியம்"னு இவ பளிச்சுனு சொன்னா. மாமி கையில பஜ்ஜி அப்படியே நின்னுடுத்து. நான் பேச்சை மாத்தறதுக்குள்ள, இவகிட்ட வைத்தியம் பண்ணிக்கற கொத்தனார் வேலப்பன் ஒரு பலாப்பழத்தோட நேரா உள்ளே வந்து, பிள்ளையோட அப்பா பக்கத்துல சோபாவுல உட்கார்ந்து, "டாக்டரம்மா இல்லேன்னா எம் பொண்டாட்டி தாலியறுத்திருப்பா சாமி"ன்னு சட்டைக் கையைச் சுருட்டி ஊசித் தழும்பெல்லாம் காட்டறான்! அவா காப்பிகூடக் குடிக்காம எழுந்து போயிட்டா. பெத்தவ பாகீரதி சமையல் ரூம்ல அழறா, பெண்ணோ மிச்ச பஜ்ஜியை வேலப்பனுக்கு எடுத்து வைக்கறா!

அதுதான் போகட்டும். முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் நான் சாப்பிடற வலி மாத்திரையைக் கையில வச்சுண்டு, "முந்தாநாள் பத்து இருந்தது அப்பா, இன்னிக்கு ரெண்டு. ஆபரேஷன் ஆகி எட்டு மாசமாச்சு"ன்னு போலீஸ் மாதிரி கேக்கறா. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அத்திம்பேர்! நான் என்ன வேலப்பனா? பீரோவுல வச்சுப் பூட்டிட்டா. சாலையில மருந்துக்கடை ஜெயகுமார்கிட்ட போனேன். இருபது வருஷப் பழக்கம், "புதுச் சீட்டு இல்லாம தரமாட்டேன் சாரே"ன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டான். ரிட்டயர்டு சூப்பிரண்டுக்கு இந்த ஊர்ல இவ்வளவுதான் மரியாதை!

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. நீங்கள் சொன்னால் கேட்பாள். அதற்குள் போன் பண்ணி, எழுதப்படாது என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. பழவங்காடிப் பிள்ளையாருக்கு உங்கள் பேரிலும் ஒரு தேங்காய் உடைக்கிறேன். குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வெங்கடகிருஷ்ணன்

பி.கு.: இதை எழுதிப் பன்னிரண்டு நாளாச்சு, தபாலில் போடலை. மாத்திரை இல்லாத ரெண்டாம் நாள் உடம்பெல்லாம் நடுக்கம், மூக்குல தண்ணி, குளிக்கற ரூம் தரையில உட்கார்ந்து அழுதுட்டேன். மீரா ஒரு வார்த்தை திட்டலை. சொந்த அப்பாவுக்குத் தானே வைத்தியம் பார்க்கக்கூடாதுன்னு, தன் ஆஸ்பத்திரியிலேயே அந்தச் சர்ட்டிபிகேட்டை முன்னாலேயே வாங்கின டாக்டர் ஜெஸ்லின்கிட்ட கூட்டிண்டு போனா. வெளியே பெஞ்சுல வேலப்பன். நகர்ந்து இடம் கொடுத்து, "ஒக்காருங்க சாமி, மொத வாரம்தான் பாடு, பொறவு செரியாயிரும்"னான். உட்கார்ந்தேன்.

மீரா பரீட்சை எழுதிட்டா. நீங்க போன் கீன் பண்ணிடாதேங்கோ. அன்னிக்கு ஜெஸ்லின் ரூமுக்குள்ள போனதும், "உட்காருங்க அங்கிள்"னா. நான் உட்காரலை. முதல்ல சுவத்தைப் பார்த்தேன், அந்தச் சர்ட்டிபிகேட் மாட்டியிருக்கான்னு.