பிடிஎப் வள்ளல்

நம் ஊர்களில் புதிதாக ஒரு மனித இனம் பெருகியிருக்கிறது. பிடிஎப் வள்ளல்கள். பிறர் எழுதிய புத்தகத்தை ஊருக்கெல்லாம் தானம் செய்கிறவர்கள். இணுவில் மார்க்கண்டர் அதில் முதல்தரம்.

கந்தோர் வேலையிலிருந்து இளைப்பாறிய மறுமாதமே அவர் 'அறிவுச் சுரங்கம்' என்று ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கினார். புத்தகம் ஒன்று கையில் கிடைத்தால், சாய்மனைக் கதிரையில் இருந்தபடி பக்கம் பக்கமாகப் பெருவிரலால் ஓரத்தை அழுத்திப் போனில் படம்பிடித்து, ஒரே கோப்பாகக் கட்டி, பதிப்புரிமைப் பக்கத்தை மட்டும் 'வீணாய் இடத்தைப் பிடிக்குது' என்று கழற்றிவிட்டு, அட்டையில் 'தமிழ்ச்சேவை: இணுவில் மார்க்கண்டு' என்று முத்திரையும் குத்தி அனுப்பினால்தான் அவருக்குப் பின்னேரத் தேநீர் ருசிக்கும். வாசித்தாரா? அதற்கெங்கே நேரம்.

தெல்லிப்பழையில் பத்மாசினி என்றொரு தாதி, முப்பது வருட ஆஸ்பத்திரி வாட்டு அனுபவத்தை எழுதித் தானே அச்சடித்து வெளியிட்டார். வெளியான கிழமையே அது சுரங்கத்துக்குள் விழுந்தது. கடைக்காரர் புத்தகக் கட்டுகளைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். பத்மாசினி மார்க்கண்டருக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, உது என்ரை புத்தகம். என்னைக் கேக்காமல் அனுப்பலாமோ?"

"ஓம் பிள்ளை, ஐந்நூறு பேருக்குப் போயிட்டுது. நன்றி சொல்லத்தான் எடுக்கிறீர் எண்டு நினைச்சன்."

"இரண்டாம் பாகமும் எழுதிக்கொண்டு இருக்கிறன். இனி அதை ஆர் வாங்குவினம்?"

"யோசிக்காதையும். முடிஞ்சதும் எனக்கு அனுப்பும். நான் பாத்துக்கொள்ளுறன்."

பத்மாசினி போனை வைத்தார். பாதி எழுதிய கொப்பியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மார்க்கண்டருக்கோ, ஒரு பெண்பிள்ளைக்கு ஒத்தாசை செய்த நிறைவு.

அடுத்த மாதம், அவர் நீர்வேலி வாழைத்தோட்டத்தில் எடுத்த படமொன்றை யாரோ ஒருவன் யூரியூப் காணொளியின் முகப்பில் போட்டுவிட்டான். மார்க்கண்டர் பெயர் எங்கும் இல்லை. இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சட்டத்தரணி சுதாகரனிடம் ஓடினார்.

"உவன் கள்ளன், தம்பி. கேக்கிறதுக்குச் சட்டம் இல்லையோ?"

"இருக்கு ஐயா. நீங்கள் எடுத்த உடனேயே உரிமை உங்களுக்குத்தான். தாளிலை எண்டாலும் போனிலை எண்டாலும் ஒண்டுதான். யூரியூப்புக்கு ஒரு முறைப்பாடு அனுப்புவம், அகற்றிப்போடுவாங்கள்."

அகற்றிவிட்டார்கள். மார்க்கண்டருக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டம் இவ்வளவு அழகானதென்று அவருக்கு யாருமே சொன்னதில்லை. பத்மாசினியின் விசயத்தைக் கேள்விப்பட்டிருந்த சுதாகரன், இணையக் காலத்துப் பதிப்புரிமை பற்றித் தான் எழுதிய சிறுநூலை அவர் கையில் கொடுத்தார்.

"ஐயா, இதை ஒருக்காக் கவனமாப் பாருங்கோ."

பார்த்தார். அன்று பின்னேரத்துக்குள் எழுபது பக்கமும் சுரங்கத்தில் கிடந்தன. கூடவே ஒரு குறிப்பு: 'பிறர் உழைப்பைத் திருடுவது பாவம். அனைவருக்கும் பகிர்க.'

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்தபின், நீங்கள் மற்றவர்களுக்கு அனுப்பிய கோப்புகளில் ஒன்றைத் திறந்து பாருங்கள். பக்க ஓரத்தில் ஒரு பெருவிரல் தெரிந்தால், உங்கள் கையைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்.