பதினொன்று தள்ளுபடி, ஒன்று பாக்கி

தேதி ஜூன் 14, சனிக்கிழமை. நேரம் காலை 6.10. கைவசம் உள்ள காய் ஒன்று. அதுவும் என் கைவசம் இல்லை.

மதிப்புக்குரிய மாமாவுக்கு உங்கள் அக்கா மகன் வணக்கத்துடன் எழுதுவது. "முதல்ல சுகம் விசாரிடா" என்று அம்மா முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். விசாரித்துவிட்டேன். உங்கள் முட்டிவலி குறைந்திருக்க வேண்டும், அத்தையின் புதுக் கண்ணாடி பொருந்தியிருக்க வேண்டும். இங்கே யாரும் நலமாக இல்லை.

உங்கள் வீட்டுப் போனை அத்தைதான் எடுப்பார், எடுத்த கையோடு ஸ்பீக்கரில் போடுவார். அதனால்தான் நீங்கள் சொன்னபடி சலூன்காரர் விலாசத்துக்கு எழுதுகிறேன். முடி வெட்டும்போது படித்துவிட்டு அங்கேயே கிழித்துப் போடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரியில் அத்தையின் பிஸ்கட் டப்பாவிலிருந்து பன்னிரண்டு தக்காளி விதைகளை எண்ணி, காகிதத்தில் மடித்துக் கொடுத்தீர்கள். "கடையில கிடைக்காதுடா. இருபத்திரண்டு வருஷமா உங்க அத்தை பழத்துலேருந்து விதை, விதையிலேருந்து பழம்னு அறுந்துபோகாம வெச்சிருக்கா" என்றீர்கள். பழம் எப்படியிருக்கும் என்று கேட்டேன். "பிரமாதமா இருக்கும்" என்றீர்கள். மாமா, பிரமாதம் என்பது ஓர் அளவா? எத்தனை மில்லிமீட்டர், என்ன நிறம், என்ன வடிவம், ஒன்றும் கிடையாது. உங்கள் வீட்டில் அந்தப் பழத்தை நான் பார்த்ததெல்லாம் நறுக்கிய பிறகுதான். வரைபடம் இல்லாமல் சரக்கு அனுப்பியது உங்கள் தப்பு. இதை முதலில் எழுதி வைத்துவிடுகிறேன்.

மொட்டைமாடியில் பன்னிரண்டு தொட்டி வைத்து நம்பர் ஒட்டினேன். ஒன்பதாம் நாள் பதினொன்று முளைத்துவிட்டன. ஏழாம் நம்பர் மட்டும் ஒரு மாதம் போல மண்ணாகவே கிடந்து, பிறகு தலை நீட்டியது. ஏப்ரல் கடைசியில் அந்தப் பதினொன்றும் காய்த்தன. காய்த்ததே, அதைச் சொல்லணும்! பரங்கிக்காய் மேல யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி, சுற்றிலும் பள்ளமும் மேடும், தோளில் கரும்பட்டை, அடியில் தையல் போட்ட தழும்பு. என் வேலை உங்களுக்குத் தெரியும். பம்புக்குள் போகிற வளையத்தை வெர்னியரில் அளந்து, உருண்டை பிசகினால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுகிற வேலை. எட்டு மணி நேரம் அதையே செய்தவன் கை வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? அளந்தேன். ஒரு பக்கம் 91 மில்லிமீட்டர், குறுக்கே 68. ஒரு காய்கூடத் தேறவில்லை. ஏழாம் நம்பரில் அப்போதுதான் பிஞ்சு. பிஞ்சே கோலிக்குண்டு மாதிரி கச்சிதம். மே 3-ம் தேதி பதினொரு செடிக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன், பிடுங்கினேன், காயோடு கீழே குப்பைத் தொட்டியில் போட்டேன். எங்கள் சூப்பர்வைசர் கேட்டுவிட்டு, "பதினொண்ணுலயும் ஒரே குறைன்னா அது குறை இல்லப்பா, டிசைன்" என்றார். பிடுங்குவதற்கு முன்னால் சொல்லியிருந்தால் உபகாரமாக இருந்திருக்கும்.

(6.50. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். காய் இருக்கிறது. அணிலும் இருக்கிறது.)

மே 27-ல் உங்கள் கடிதம். டப்பாவுக்குள் ஈரம் கோத்திருந்தது, காயட்டும் என்று வெந்நீர் பாய்லர் மேல் வைத்தேன், மறந்துவிட்டேன், விதை வறுபட்டுவிட்டது, இருபதை ஈரத்துணியில் கட்டிப் பார்த்தேன், ஒன்றும் முளைக்கவில்லை, ஜூலை முதல் தேதி அத்தை விதைக்க டப்பாவைத் திறப்பாள், அதற்குள் உன்னிடமிருந்து விதை வராவிட்டால் என் கதி அதோகதி என்று எழுதியிருந்தீர்கள். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவருக்கு பாய்லர் சுடும் என்று தெரியாதா? போகட்டும். "கவலை வேண்டாம், முதல் தர விதை தயார்" என்று உடனே பதில் போட்டேன். ஏழாம் நம்பர் பழத்தைப் பிழிந்து, சாறோடு மூன்று நாள் புளிக்கவிட்டு, கழுவி, நிழலில் ஏழு நாள் காயவைத்து, எண்பத்து நாலு விதையை உறையில் போட்டு ஒட்டப் போகும்போதுதான் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இதை எதுக்குடா அவனுக்கு அனுப்புறே?"

"இதுதாம்மா அத்தையோட விதை."

"அந்த ஏழாம் நம்பர் தொட்டியில வந்ததா? அதுல நான்தானே அழுகின கடைத் தக்காளியைப் பிசைஞ்சு போட்டேன்! சும்மா கிடக்கேன்னு."

இது நடந்தது நேற்று முன்தினம், வியாழக்கிழமை, மாலை 6.25.

ஓடிப்போய்க் குப்பைத் தொட்டியைப் பார்த்தேன், நாற்பது நாளைக்குப் பிறகு. அப்படி ஓடியவனைக் கீழ்வீட்டு ஓனரம்மா ஜன்னலிலிருந்து பார்த்தார்.

"என்னப்பா தேடுறே? தக்காளியா? நாங்க அப்பவே எடுத்துட்டோம்."

"காயாவா?"

"காயாத்தான். ரெண்டு நாள் பொரியல். நல்லா இருந்துது."

"அது என் மாமாவோடதுங்க!"

"மாமாவோடதைத்தான் குப்பையில போடுவாங்களா?"

ஆனால் மாமா, ஒரு கிளை பூவோடு இருந்ததாம், பாவமாக இருந்ததாம், ஓட்டை பக்கெட்டில் மண் போட்டுச் சொருகியிருக்கிறார். அது வேர் பிடித்து, ஒரே ஒரு காய். பரங்கிக்காய் மேல உட்கார்ந்த அதே சாயல். தோளில் கரும்பட்டை, கீழே மெதுவாகச் சிவப்பு. பக்கெட்டில் என் சிவப்பு ஸ்டிக்கர். அழகாக இருந்ததென்று ஒட்டினாராம்.

புதன்கிழமை மகள் வருகிறாளாம், அன்றுதான் அறுப்பாராம். "பழம் எங்களுக்கு, விதை உனக்கு. ஆனா ஒண்ணு. 'செடி நல்ல செடி, தப்பு என்னோடது'ன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, இந்தச் சிவப்பு மேல நீயே ஒட்டணும்" என்றார். மாமா, அடுத்தவர் தப்பை எழுதித்தான் எனக்குப் பழக்கம். இரண்டு நாளாகப் பேனாவை எடுக்கிறேன், வைக்கிறேன். புதன் 18. புளிக்க மூன்று நாள், 21. காய ஏழு நாள், 28, சனி. தபால் இரண்டு நாள். நடுவில் ஒரு ஞாயிறு. அந்த ஞாயிறை எங்கே கொண்டுபோய்த் தள்ளுவது? இதில் அணில் வேறு. வேலைக்குப் போனால் அணில் ஞாபகம், அணிலைப் பார்த்தால் வேலை ஞாபகம். நேற்று ஒரு நல்ல வளையத்தைத் தள்ளிவிட்டு, தள்ளவேண்டியதற்கு பாஸ் போட்டுவிட்டேன். ஏழு வருஷத்தில் முதல் முறை.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லாதீர்கள். எதற்கு என்று கேட்பார். உங்கள் ஆசியையும், முடிந்தால் ஒரு பூனையையும் வேண்டும்,

அக்கா மகன்

பின்குறிப்பு, காலை 11.45: உறையை ஒட்டப் போகும்போது அத்தை போன் செய்தார். இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். அம்மா எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள்.

"பாய்லர் மேல டப்பா வறுபட்டப்பவே வீடெல்லாம் வாசனைடா" என்றார் அத்தை. "எனக்கா தெரியாது? டப்பாவுல இருந்தது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் தையல் மெஷின் டிராயர்ல இருக்கு. முதல் தேதிக்குள்ள உங்க மாமா தானா வாயைத் திறக்கிறாரான்னு பார்க்கிறேன். ஆமா, பதினொரு செடியைப் பிடுங்கினவன் கையிலயா கம்பெனியில அளக்கிற கருவியைக் கொடுத்து வெச்சிருக்காங்க?"

இன்னொன்று. சலூன்காரர் மகள் அத்தையிடம்தான் தையல் கற்றுக்கொள்கிறாளாம். உங்களுக்கு வருகிற கடிதமெல்லாம் முதலில் அத்தை கைக்குத்தான் போகிறதாம். ஆகவே, வணக்கம் அத்தை. மாமா, இது உங்கள் கைக்கு வந்தால் அவர் படித்துவிட்டுக் கொடுத்தார் என்று அர்த்தம். இனி நான் செய்யப் போவது:

1. இப்போதே கீழே போய், "செடி நல்ல செடி, தப்பு என்னோடது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பக்கெட்டில் ஒட்டுவேன்.

2. ஏழாம் நம்பரைப் பிடுங்க மாட்டேன். அது என்ன செய்யும்?

3. திங்கட்கிழமை அந்த இரண்டு வளையத்தையும் சூப்பர்வைசரிடம் நானே சொல்வேன்.

4. அவசரம் போய்விட்டாலும் புதன்கிழமை விதையை எடுப்பேன். இருபத்திரண்டு வருஷச் சரக்கை ஒரே டிராயரில் வைத்திருப்பது சரியான ஏற்பாடு இல்லை, அத்தை.

5. ஜூலை முதல் தேதி காலை ஏழு மணிக்குப் போன் செய்வேன். அத்தைதான் எடுப்பார், ஸ்பீக்கரில்தான் போடுவார். "மாமா சொல்லிட்டாரா?" என்றுதான் முதலில் கேட்பேன்.