திருப்பத்தில் நின்ற பெஞ்சு

புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று படிக்கட்டில் நான் இருந்தேன், அப்பா இருந்தார், சுமை தூக்க வந்த இரண்டு அண்ணாச்சிமார் இருந்தார்கள். அம்மை இல்லை, மூன்றாம் மாடியில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் பாலுக்குக் காத்திருந்தாள். பால் செம்பு அப்பா கையில்.

பாளையங்கோட்டையில் ஓட்டு வீடுகளை இடித்து, லிஃப்ட் வைக்கத் தேவையில்லாத உயரத்துக்கு அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்த தொண்ணூறுகள். எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், சிவில் டிப்ளமோவும் முடித்தவன் நான். (அந்தத் திமிரைக் கேட்கவா வேண்டும்.) வாடகைக்குப் பிடித்த வீட்டுக்கு வர அப்பா ஒரே நிபந்தனைதான் போட்டார். சாத்தான்குளத்தில் அவர் நடத்திய டீக்கடையில் முப்பது வருஷம் கிடந்த பத்தடி பெஞ்சும் வர வேண்டும். இல்லையென்றால் அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குத் திரும்பிவிடுவார்.

"வெளிய கயிறு கட்டி ஏத்திருவோமா தம்பி?" என்றார் ஒரு அண்ணாச்சி.

"வேண்டாம். படி நாலடி அகலம், பெஞ்சு ஒண்ணேகால் அடி. அளந்தாச்சு."

படி திரும்பும் என்பதை அளக்கவில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் பெஞ்சின் தலை ஜன்னல் கம்பிக்குள் நுழைந்தது, வால் கைப்பிடியில் மாட்டியது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. நான் விடவில்லை. கோணம் கணக்குப் போட்டு அரைமணி நேரம் முட்டினேன். சுவர்ப்பூச்சுதான் உதிர்ந்தது.

மூன்றாம் மாடி வாத்தியார் தூக்குச்சட்டியோடு பெஞ்சுக்கடியில் தவழ்ந்து பள்ளிக்கூடம் போனார். அப்பா மாட்டிய பெஞ்சைத் தட்டிப் பார்த்தார்.

"இங்கனயே கடையைப் போட்டுருவோமாலே? தோதான இடம். போறவன் வாறவன் எல்லாம் குனிஞ்சு கும்பிட்டுட்டுல்லா போவான்."

மேலேயிருந்து அம்மை சத்தம்: "நல்ல நேரம் முடியப்போவுது. அப்பனும் மவனும் அங்கன என்ன செய்யுதிய?"

அப்பா என் முகத்தைப் பார்த்தார். அழப்போகிறேன் என்று தெரிந்திருக்கும். செம்பை என்னிடம் தந்துவிட்டு, "ஆசாரியைக் கூட்டியாங்கய்யா, ரெண்டா அறுத்துருவோம்" என்றார். பிறகு வேட்டியை மடித்துக்கட்டி, பெஞ்சுக்கடியில் பைய நுழைந்து, மேலே நடந்தார். பின்னாலேயே நானும் தவழ்ந்தேன். பால் பொங்கியது.

பாதி பெஞ்சு எங்கள் வீட்டில் கிடக்கிறது. மறுபாதி அந்தத் திருப்பத்திலேயே தங்கிவிட்டது. மூச்சு வாங்க ஏறி வருகிற எல்லாரும் உட்காரும் இடம். சாயங்காலமானால் அப்பா அங்கேதான். நான் எதற்கு அளவு நாடாவை எடுத்தாலும் இன்றைக்கும் அம்மை கேட்பாள், "திருப்பத்தை அளந்தியா?"

ஆசாரி கூலி, புதுசாக நாலு கால், உதிர்ந்த பூச்சு எல்லாம் சேர்த்து, அப்பா மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தது நூற்று எண்பது ரூபாய்.