பந்திக்குப் போகுமுன் கேள்வியைப் பார்

கொட்டாஞ்சேனை,
பாங்கில் குண்டு வெடித்ததும் உலகக் கிண்ணம் வென்றதும் அடுத்தடுத்து வந்த வருஷம், ஆனி மாதம்.

கனடாவில் இருக்கும் அண்ணன் மகன் ஹியூபேட்டுக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். நாங்கள் சுகம், பனிக்குள் நீயும் சுகமாயிருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன். சின்னதிலேயே மூட்டை தூக்கப் போன எனக்கு எழுத்து வராது என்பது தெரியுந்தானே, நான் சொல்லச் சொல்லப் பேத்தி பிறிஜெற் எழுதுகிறாள்.

மகன், இந்த நாகேந்திரம் மாஸ்ரர் லேசுப்பட்ட ஆளில்லை. எங்கள் முன்னறையில் புலமைப்பரிசில் பரீட்சைக்கு வகுப்பு வைக்கிறார். வாசலில் இருந்து கேட்கிறேன்: "கேள்வியைப் பார்க்காமல் பந்திக்குப் போகக் கூடாது. பந்திக்குள்ள இருக்கிறதை மட்டும் எடுக்கவேணும். வெளியில இருந்து ஒண்டும் கொண்டுவரக் கூடாது." கலியாண வீட்டில் சாப்பிடப் பழக்குகிறார் என்று நினைத்தேன், அதற்கும் அரசாங்கம் பரீட்சை வைக்கிறதே என்று பிரமித்துப்போய், வடை எத்தனை தரம் கேட்கலாம் மாஸ்ரர் என்று விசாரித்தும்விட்டேன். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். பிறகு பிறிஜெற்தான் விளக்கினாள், பந்தி என்றால் புத்தகத்தில் நாலைந்து வரி சேர்ந்து வருகிற பந்தியாம், கேள்வியை முதலில் வாசித்தால் எதைத் தேடுவதென்று கண்ணுக்குத் தெரியுமாம். இப்படி ஒரு வித்தையை எழுத்துத் தெரிந்தவர்கள் இவ்வளவு காலமும் தங்களுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்களே.

அந்தக் கிழமையே, அடையாள அட்டையை மறந்துவிட்டுப் போன உன் தம்பி கிளெமென்றைச் சந்தியில் பிடித்துக்கொண்டு போனார்கள். பொலிசுக்கு நான்தான் போனேன். என்னைத் தெரியுமே, பெயரைக் கேட்டால் பெருவெள்ளம் வந்த வருஷத்திலிருந்து தொடங்குவேன். முன்பு பக்கத்து வீட்டு மஜீட்டின் மகனுக்காகக் கதைக்கப் போய், கதைத்த கதையில் என்னையும் மத்தியானம் வரை இருத்தி வைத்தவர்கள். உன் தாய் மாக்ரெட் படலையில் என் கையைப் பிடித்து, "மச்சான், கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்கோ" என்று அழுதார்.

இவன் யாரென்று சார்ஜன்ற் சிங்களத்தில் கேட்டார். அண்ணன் மகன் என்றேன். எங்கே இருக்கிறான்? என் வீட்டில். அண்ணனுடைய கதை தொண்டை வரை வந்தது. பந்திக்கு வெளியே என்று விழுங்கினேன். சண்டைப் பக்கம், மன்னாரில் இருக்கிற மச்சினனைப் பற்றி அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, அவ்வளவுதானா சீயா என்று தாத்தா முறை வைத்துக் கேட்டார், ஏதோ குறைகிற மாதிரி. அவ்வளவுதான் மாத்தயா. கிளெமென்ற் என் பின்னால் நடந்து வீட்டுக்கு வந்தான். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். மாஸ்ரருக்கு என்ன கொளுத்துவதென்று தெரியவில்லை.

ஆகையால் மகன், நீயும் கேட்டதற்கு மட்டும் விடை சொல்லிப் பழகு. அந்தோனியார் உன் கூடவே நிற்பார்.

அன்புள்ள,
சித்தப்பா

பி.கு.: பிறிஜெற் உன் கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்துவிட்டு, "தாத்தா, மாமா கேட்டது ஒரேயொரு கேள்வி. அதுக்கு நீங்கள் விடையே சொல்லேல்லை" என்கிறாள். உன் அப்பாவோடு துறைமுகத்தில் மூட்டை இறக்கினவர்களில் யார் மிச்சம் என்று கேட்டிருந்தாய். முத்துலிங்கம் போய்விட்டான். போன பெருநாளுக்கு ஸாலிஹும் போய்விட்டான். விடை பந்திக்குள்ளேயே இருக்கிறது மகன்: உன் சித்தப்பா பேர்னாட்.