சரசுவின் தம்பிக்கு, ஸ்டீரியோ விஷயமாக

செங்கம் ரோடு,
திருவண்ணாமலை.

அன்பு மைத்துனன் சக்கரபாணிக்கு, உன் மாமா கோதண்டராமன் ஆசிகள் பல கூறி எழுதிக்கொண்டது.

இவ்விடம் நானும் உன் அக்கா சரசுவும் சுகம். மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அவ்விடம் நீ, வேதா, பிள்ளைகள், ஓசூர் குளிர் எல்லாரும் எப்படி என்று தெரிவிக்கவும். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ நடுநடுவே சிரிப்பாய், எனக்குக் கோர்வை அறுந்துவிடும். ஆகையால் கடிதம். முழுக்கப் படித்து முடித்துவிட்டு, பிறகு உட்கார்ந்து நிதானமாகச் சிரி.

நான் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஓடிவிட்டது உனக்குத் தெரியும். வேலூர் வண்டி எங்கே நிற்கும், கீழ்பென்னாத்தூர் வண்டி ஏன் இன்னும் வரவில்லை என்று இந்த ஊருக்கே மைக்கில் சொன்னவன் நான். இப்போதும் காய்கறிக் கடையில் நான் வாயைத் திறந்தால் இரண்டு பேர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். சரி, இனிமேலாவது நிம்மதியாகப் பாட்டு கேட்போம் என்று டிவி முன்னால் உட்கார்ந்தால், ராகம் வருகிறது, வார்த்தை வரவில்லை. பாடுகிறவர்கள் எல்லாரும் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பாடுவது போல இருக்கிறது. செய்தி வாசிக்கிற பெண்ணும் வெற்றிலைதான். டிவி கெட்டுவிட்டது என்று முடிவு செய்து உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய்? "டிவி ஸ்பீக்கர்ல என்ன மாமா கெடைக்கும்? ஒரு ஆம்ப்ளிஃபயர், ரெண்டு ஸ்பீக்கர் வாங்குங்க. காசு பத்தலன்னா ஆம்ப்ளிஃபயர்ல மிச்சம் புடிங்க, ஸ்பீக்கர்ல மட்டும் புடிக்காதீங்க" என்று சொன்னதாக உன் அக்கா பின்னால் சொல்கிறாள். என் காதில் "ஸ்பீக்கர்ல மட்டும் புடிங்க" என்றுதான் விழுந்தது. ஓசூரில் டவர் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பணத்துக்குச் சரசு எல்லை போட்டுவிட்டாள். "வாஷிங் மெஷினுக்குன்னு எடுத்து வெச்ச காசு அது. அதுக்கு மேல ஒரு பைசா தொட்டீங்கன்னா வீட்டுத் துணியெல்லாம் நீங்கதான் தொவைக்கணும்." இந்தக் கட்டுப்பாட்டோடு இருவரும் தேரடி வீதிப் பக்கம் விமல்ராஜ் கடைக்குப் போனோம். இந்தப் பையன் நல்லவன், ஆனால் பேசுகிறான், பேசுகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான். ஒரு ஸ்பீக்கரைத் தட்டிக் காட்டி, "இது எட்டு ஓம் சார்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அஞ்செழுத்து சிவனுக்கு, எட்டெழுத்து பெருமாளுக்கு. ஸ்பீக்கரில் எதற்கு எட்டு ஓம் என்று கேட்டேன். "ஐயோ, அது கரண்ட் கணக்கு சார்" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டதை நான் பெரிது பண்ணவில்லை. அடுத்து, ஆளுயர ஸ்பீக்கர் ஒரு ஜோடியையும், அலமாரியில் வைக்கிற சின்ன ஜோடி ஒன்றையும் மாற்றி மாற்றி ஒரே பாட்டைப் போட்டுக் காட்டினான். "எது சார் நல்லாருக்கு?" என்றான். எனக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் வெற்றிலை. சரசு என் சட்டையைப் பிடித்து இழுத்து, "பெருசுலதாங்க கொலுசுச் சத்தம் கேக்குது" என்றாள். பாட்டில் ஏது கொலுசு, இவள் பக்கத்துக் கடைக்கு வந்த பெண்ணின் காலைப் பார்த்துச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நீ சொன்னபடி ஸ்பீக்கரில் மிச்சம் பிடித்துச் சின்ன ஜோடியை எடுத்தேன். மிச்சத்தையெல்லாம் ஆம்ப்ளிஃபயரில் கொட்டினேன். அது ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போதுமானது என்று விமல்ராஜே சொன்னான். எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

ஸ்பீக்கரை அவனே அன்றைக்குச் சாயந்திரம் வீட்டில் இறக்கிவிட்டான். ஆம்ப்ளிஃபயர் வேலூரிலிருந்து வரவேண்டியிருந்தது. வந்துவிட்டது என்று தகவல் கிடைத்த நாள் பௌர்ணமி. ஆட்டோ ஒன்றும் உள்ளே விடமாட்டார்கள், நாளைக்குப் போங்கள் என்று சரசு சொன்னாளாம். நான் கேட்டால்தானே? பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வந்தேன். ஒரு அம்மாள் பக்கத்தில் வந்து ஏதோ கேட்டாள். "சத்தமா?" என்று கேட்பதாக எனக்குத் தோன்றியது. "ஆமாம்மா, சத்தம்தான். ஜாஸ்தியா வரும், தெருவுக்கே போதும்" என்றேன். அவள் திரும்பிப் பார்த்துக் கூப்பிட, பின்னால் இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். நம் ஊர் ஜனங்களுக்கு இசையில் இவ்வளவு ஆர்வமா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டு வாசலில் நின்று திரும்பினால் பின்னால் ஒரு நீண்ட வரிசை; பாதிப் பேர் கையில் தட்டு. சரசு வெளியே வந்து பார்த்துவிட்டு, "ஏங்க, அவங்க 'சாதமா'ன்னு கேட்டிருக்காங்க!" என்று தலையில் கை வைத்தாள். அன்னதானப் பெட்டி என்று நினைத்துவிட்டார்கள், பாவம். பிறகு அவள் இருந்த மாவைக் கரைத்து ஆளுக்கு ஒரு தோசை ஊற்றிக் கொடுத்துக் கூட்டத்தை அனுப்பி வைத்தாள். அன்று எங்களுக்கு இரவுச் சாப்பாடு வாழைப்பழம். கூட்டத்தில் எவனுக்குக் காது சரியாகக் கேட்கும் என்று நான் அப்போதும் கூட்டத்தைத்தான் குறை சொன்னேன்.

மறுநாள் பொருத்தினோம். ஸ்பீக்கர் காது உயரத்தில் இருக்கவேண்டும், சுவரை ஒட்டக் கூடாது என்று நீ சொன்னதை மட்டும் சரியாகக் கேட்டிருக்கிறேன். ஒன்றைத் தையல் மெஷின் மேலும் இன்னொன்றை அரிசி டிரம் மேலும் வைத்தேன். அரிசி எடுக்கவேண்டுமென்றால் ஒரு ஸ்பீக்கரை இறக்கவேண்டும், அதாவது சோறு வேகும்வரை எங்கள் வீட்டில் ஸ்டீரியோ கிடையாது. போட்டுப் பார்த்தேன். மறுபடியும் வெற்றிலை! ஆம்ப்ளிஃபயரில் ட்ரெபிள் என்று ஒரு திருகு இருக்கிறது. அதை வலது கோடிவரை திருப்பினேன். வார்த்தை கொஞ்சம் துலங்கியது. சத்தத்தையும் கூட்டினேன். இன்னும் துலங்கியது. தெருநாய் இரண்டு ஊளையிட்டதாகச் சொல்கிறார்கள், நான் பார்க்கவில்லை.

மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் பிரான்ஸ்காரரை நீ போன தடவை பார்த்திருக்கிறாய். நான் பாட்டுப் போட்ட அன்று அவர் மௌன விரதத்தில் இருந்தார். கழுத்தில் மௌனம் என்று எழுதிய அட்டையை மாட்டிக்கொண்டுதான் பால் வாங்கப் போவார். அந்த மனிதர் படியில் தடதடவென்று இறங்கி வந்து, அட்டை முதுகுப் பக்கம் போய்விட்டதுகூடத் தெரியாமல், கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு தமிழ் வார்த்தைதான். மெஸ்ஸில் சாம்பார் ஊற்றும்போது சொல்லிப் பழகியது. "போதும்! போதும்!" என்று கத்தியிருக்கிறார். என் காதில் "போடு! போடு!" என்று விழுந்தது. விரதத்தையே முறித்துக்கொண்டு ஒருவர் பாட்டுப் போடச் சொல்கிறாரே என்று மனம் உருகி, கடைசிவரை கூட்டிவிட்டேன். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கண்ணை மூடினார். பக்தி என்று நினைத்தேன்.

சரசுதான் வந்து பிளக்கைப் பிடுங்கினாள். பிடுங்கிவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "செவுத்தப் பாத்து நில்லுங்க. நான் பின்னாடி நின்னு ஊர் பேரு சொல்றேன். நீங்க பஸ் ஸ்டாண்டுல சொல்ற மாதிரி திருப்பிச் சொல்லுங்க."

இதென்ன பிள்ளை விளையாட்டு என்று சொல்லிக்கொண்டே காலண்டரைப் பார்த்து நின்றேன். நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். "சீக்கிரம் ஆரம்பி சரசு, கால் வலிக்குது" என்றேன். தோளில் கை விழுந்தது. திரும்பினால் அவள் கண்ணில் தண்ணீர்.

"சொல்லி முடிச்சிட்டேங்க. செங்கம், சேத்துப்பட்டு, போளூரு. எல்லாம் நீங்க கூப்ட்ட ஊருதான்."

சக்கரபாணி, எத்தனை வருஷம் நான் கூப்பிட்டு அனுப்பிய ஊர்கள், ஒன்றுகூட என்னிடம் வந்து சேரவில்லை.

"ஒரு வருஷமா சமையல்கட்டுலருந்து பேசினா பதிலே வராது," என்றாள் சரசு. "வேலை முடிஞ்ச கோவத்த எம்மேல காட்றீங்கன்னு நெனச்சேன். அப்புறம் எதுக்கு வாயக் குடுக்கணும்னு நானும் பேசறத விட்டுட்டேன்."

நான் நினைத்தது வேறு. சம்பளம் நின்றதும் இவளுக்கு என்னிடம் பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதை யாரிடம் சொல்வது? டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டேன். "நீ பேசலன்னு நான், நான் பேசலன்னு நீ. நல்ல குடும்பம்டீ" என்றேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். இவ்வளவுக்கும் பிரான்ஸ்காரர் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார், போகலாமா கூடாதா என்று புரியாமல். சரசு அவருக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்து அனுப்பினாள். அவர் அட்டையை முன்பக்கம் திருப்பி மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து விரதத்தைத் தொடர்ந்தார்.

காது டாக்டரம்மா என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துப் பரிசோதித்துவிட்டு, "எங்க வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். மைக் ரூமுக்கு மேலேயே நாலு கூம்பு ஸ்பீக்கர். "அதுக்கு அடியிலயே உக்காந்திருந்தீங்களா? ச, த, ப எல்லாம் போயிடுச்சு. ஆ, ஓ மட்டும் நிக்குது" என்றார். இரண்டு காதுக்கும் மிஷின். பென்ஷனிலிருந்து தவணையில் கழியும். மாட்டிக்கொண்டு வெளியே வந்தால், அடேயப்பா, என் செருப்பு இவ்வளவு சத்தம் போடுகிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வீட்டு ஃபேன் கிரீச்சிடுகிறது. வேட்டி மடிக்கும்போதுகூடச் சத்தம் வருகிறது. ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே சரசு யாரிடமும் சொல்லாத மாதிரி, தாழ்ந்த குரலில், "ரசம் வைக்கட்டுமா, மோர்க்கொழம்பா?" என்றாள். "ரசம் வை" என்றேன், பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல். அவள் கையில் கரண்டியோடு கதவருகே வந்து நின்றாள். ரசம் அன்றைக்கு ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தது, பேசிக்கொண்டே இருந்துவிட்டோம்.

ஆகவே நான் எடுத்திருக்கும் முடிவு இது. டிவியில் இப்போது ஒவ்வொரு வார்த்தையும் முத்து முத்தாக விழுகிறது. செய்தி வாசிக்கும் பெண் வெற்றிலையைத் துப்பிவிட்டாள். குறை ஸ்பீக்கரில் இல்லை, என்னில்தான். எனவே ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் விமல்ராஜிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, உன் அக்காவுக்கு வாஷிங் மெஷின் வாங்கப் போகிறேன். நீ அனுப்புவதாகச் சொன்ன தடித்த ஒயரை அனுப்பவேண்டாம். தீபத்துக்கு வரும்போது உன் பழைய சிடி பிளேயரையும் தூக்கிக்கொண்டு வராதே. இந்த வயதில் ஆடம்பரம் எதற்கு? இருக்கிற டிவியே யதேஷ்டம்.

வேதாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. உடம்பைப் பார்த்துக்கொள். காதையும்.

இப்படிக்கு,
உன் மாமா,
கோதண்டராமன்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடாமல் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு, சரசுவோடு சாமான்களை ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். பேரம் பேச அவள்தான் சரி. இப்போது கடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். விமல்ராஜ், "பணமா திருப்பித் தர முடியாது சார், வேற சாமானா மாத்திக்குங்க" என்றான். சண்டைக்குச் சரசு முந்தானையைச் செருகினாள். அந்த நேரம் பார்த்து அவன் ஆளுயர ஸ்பீக்கரில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டான். நான் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். சின்ன ஜோடி சுத்த மட்டம், சக்கரபாணி! மோர் மிளகாய் டப்பாவுக்குள்ளிருந்து பாடுவது போல இருக்கிறது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. சரசுதான் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டாள். முடிந்ததும், "அந்தப் பொண்ணு மூச்சு வாங்கறதுகூட கேக்குதுங்க. சின்னத வெச்சிக்கிட்டு இதக் குடுங்க தம்பி. மெஷின் கெடக்கட்டும். துணிய ரெண்டு பேரும் பேசிக்கிட்டே தொவைச்சிக்கலாம்" என்றாள்.

ஆகையால் மேலே என் முடிவு என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். ஒயரை உடனே அனுப்பு, இருப்பதிலேயே தடித்ததாக. சிடி பிளேயரோடு சிடிக்களையும் கொண்டு வா. பிரான்ஸ்காரருக்கு இன்றைக்கு விரதம் முடிகிறது. வீட்டுக்குப் போனதும் மாடிக்குப் போய் முதலில் அவரிடம் அனுமதி வாங்கவேண்டும்.