கத்தாத ஒரு வாரம்

"இதுவும் தேறலைய்யா!" என்றபடி முதலாளி முதுகைத் தடவிக்கொண்டே மாடியிலிருந்து இறங்கினார். "படுத்தேன், கண்ணு சொருகுச்சு, படக்குனு முழிப்பு வந்துடுச்சு. மெத்தை சரியில்லை."

கீழே படிக்கட்டருகே பொது மேலாளர் காத்துக்கொண்டிருந்தார். அந்த மெத்தைக் கம்பெனியில் புது ரகம் எது செய்தாலும், மதியம் சாப்பிட்டுவிட்டு முதலாளியே மாடி அறையில் அதில் படுத்துத் தூங்கிப் பார்ப்பார். நன்றாகத் தூங்கி எழுந்தால் மெத்தை கடைக்குப் போகும். பாதியில் விழித்துக்கொண்டால் கிடங்குக்குப் போகும். ஆய்வுக்கூடம், அறிக்கை, நிபுணர் எதுவும் அவரிடம் எடுபடாது. சமீபகாலமாக எல்லா மெத்தையும் கிடங்குக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

"அடுத்த வாரம் இன்னொண்ணு கொண்டு வா. அது தேறுச்சுன்னா எம்.டி. நாற்காலி உனக்கு. நான் வீட்டோட இருந்துடறேன்," என்றார் முதலாளி. "தேறலைன்னா என் மாப்பிள்ளையை வரச் சொல்லிடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே."

மாப்பிள்ளையா! மெத்தைக்கும் தலையணைக்கும் வித்தியாசம் தெரியாத அந்த மனிதரா! பொது மேலாளருக்குக் காது மடல் சிவந்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் கனவு கண்டதே அந்த நாற்காலியைத்தான். மனைவி அவசரப்பட்டு, அவர்தான் அடுத்த எம்.டி. என்று தன் அக்கா தங்கைகளிடம் சொல்லியும் விட்டாள்.

"இன்னொரு விஷயம்," என்றார் முதலாளி. "எம்.டி. ஆகணும்னா ஆளுங்ககிட்ட பழகத் தெரியணும். நீ எதுக்கெடுத்தாலும் வள்ளுனு விழுறே. பெரிய பெரிய கம்பெனித் தலைவருங்களுக்கெல்லாம் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருத்தங்க இருக்காங்க. இன்னைக்கே போய்ப் பாரு."

விஷயம் என்னவென்றால், ஊழியர்கள் பொது மேலாளருக்கு 'இடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்குத் தெரியாது. அவர் மனைவிக்குத் தெரியும். அவளும் போனில் தங்கைகளிடம் அப்படித்தான் குறிப்பிடுவாள்.

பயிற்சியாளர் அம்மாவின் அறையில் இரண்டு நாற்காலியும் ஒரு தண்ணீர் ஜாடியும்தான் இருந்தன. இதற்கா இவ்வளவு கட்டணம் என்று பொது மேலாளர் சுற்றும்முற்றும் பார்த்தார்.

"இந்த ஒரு வாரம் நீங்க யாருக்கும் உத்தரவு போடக் கூடாது சார்," என்றார் அந்த அம்மா. "கேள்வி மட்டும்தான் கேக்கணும். அதுவும் மெதுவா. கோபம் வந்தா ஒரு வாய் தண்ணி குடிங்க."

"அப்புறம் வேலை எப்படிம்மா நடக்கும்?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அடேயப்பா! ஒரே கேள்வியில் தன் வாயையே கட்டிப்போட்டுவிட்டாரே! இந்த வித்தை மட்டும் கைக்கு வந்துவிட்டால் மாப்பிள்ளை எந்த மூலைக்கு? கைநிறையத் தண்ணீர் பாட்டில்களை வாங்கிக்கொண்டு உற்சாகமாக அலுவலகம் திரும்பினார்.

முதலில் உற்பத்தி மேலாளரைக் கூப்பிட்டார்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார், குழந்தையிடம் பேசுகிற குரலில்.

உற்பத்தி மேலாளர் கதவைப் பிடித்துக்கொண்டார். "எதைப் பத்தி சார்?"

"எதைப் பத்தின்னு நீங்க நினைக்கிறீங்க?"

"சார், சத்தியமா என் தப்பு இல்ல சார்! மச்சானை வேலைக்கு வெச்சது பொண்டாட்டி தொல்லை தாங்காமத்தான் சார்!"

எந்த மச்சான்? பொது மேலாளருக்கு நரம்பு புடைத்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்தார். போதவில்லை. பாட்டிலையே காலி செய்தார். பிறகு புன்னகைத்தார்.

அந்தப் புன்னகையைத்தான் உற்பத்தி மேலாளரால் தாங்க முடியவில்லை. வெளியே ஓடிப்போய், "இடி சிரிக்குதுப்பா! கணக்கு முடிக்கத்தான் கூப்பிடறாங்க. யாரும் தனியா சிக்காதீங்க!" என்று பட்டறை முழுக்கப் பரப்பிவிட்டார்.

பட்டறையில் வேலை நின்றுபோனது. இதைச் சரிசெய்ய எல்லோரையும் ஒரே இடத்தில் கூட்டினார் பொது மேலாளர். 'பயப்பட ஒன்றுமில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் கேள்வி மட்டும்தானே கேட்கலாம்!

"கம்பெனியை மூடப் போறோம்னு உங்களுக்கு ஏன் தோணுது?" என்றார் கனிவாக.

அதுவரை யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. இப்போது தோன்றிவிட்டது.

பாதிப் பேர் வேறு வேலை தேடப் போய்விட்டார்கள். பொது மேலாளர் தண்ணீராகக் குடித்தார். குடித்த தண்ணீர் சும்மா இருக்குமா? கழிப்பறைக்கும் இருக்கைக்குமாக ஓடினார். குரல் எழும்பவில்லை, தண்ணீர் குடித்து மாளவில்லை, ஓட்டமும் நிற்கவில்லை என்றதும் மீதிப் பேர் உட்கார்ந்து அவருக்கு ஒரு வியாதியைக் கண்டுபிடித்தார்கள்.

மாலையில் மனைவியின் போன் வந்தது. "என்னங்க! தொண்டையில ஆபரேஷனாமே! கட்டின பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உனக்கு இதை யாரும்மா சொன்னாங்க?" என்றார் தேன் ஒழுக.

கல்யாணமானதிலிருந்து அவர் அவளை 'அம்மா' போட்டுப் பேசியதில்லை. நிலைமை அவ்வளவு மோசமா என்று அவள் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

இது அத்தனையும் போகட்டும். மெத்தை? அதைச் செய்ய வேண்டியவள், மெத்தைகளை வடிவமைக்கும் பெண். கெட்டிக்காரி, ஆனால் பயந்த சுபாவம். அவளைக் கூப்பிட்டார்.

"நம்ம மெத்தை ஏம்மா தேற மாட்டேங்குது? நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அவள் ஏதோ சொல்ல வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "சொன்னா வேலை போயிடும் சார்."

"போயிடுமா?" என்றார் ஆதரவாக.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனவள்தான். மறுநாள் விடுப்பு, அதற்கு மறுநாளும் விடுப்பு. பொது மேலாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனக்கண்ணில் மாப்பிள்ளை அந்த நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிச் சுற்றி விளையாடினார்.

நல்லவேளையாக, சோதனை நாளன்று அவள் வந்துவிட்டாள். பளபளவென்று நீல நிற உறை போட்ட மெத்தை தள்ளுவண்டியில் வந்தது. "தயாரா?" என்று கேட்டார். தலையாட்டினாள். கேட்ட கேள்விகள் வீண்போகவில்லை என்று பொது மேலாளர் நெகிழ்ந்துபோனார்.

முதலாளி மாடிக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். அந்தப் பெண் வழக்கம்போல மாடியில் வாசலுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டாள்.

கீழே பொது மேலாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்துப் பட்டறையில் எவனோ ஒரு கூடை ஸ்பிரிங்கைத் தடதடவென்று கொட்டினான். ஒருவன் போனில் ஊர்க்கதை பேசினான். பொது மேலாளர் வாயைத் திறந்தார். பயிற்சியாளர் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. கைக்குட்டையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

மாடியில் சத்தமே இல்லை. தேநீர் நேரம் வந்தது, போனது. வேலை தேடப் போனவர்கள்கூடத் திரும்பி வந்து படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஐயாவுக்கு ஏதும் ஆயிடலையே?" என்றார் உற்பத்தி மேலாளர்.

கதவு திறந்தது! கன்னத்தில் தலையணைத் தடத்தோடு முதலாளி வந்து நின்றார்.

"என்னா மெத்தைய்யா! அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன்! கீழ ஏதோ கொட்டுற மாதிரி இருந்துச்சு. திரும்பிப் படுத்தேன், அவ்வளவுதான் தெரியும்! நாற்காலி உனக்குத்தான்யா!"

ஒரே ஆரவாரம்! உற்பத்தி மேலாளர் மச்சானைக் கட்டிப்பிடித்தார். பொது மேலாளருக்குக் கண்ணில் நீர் முட்டியது. போனை எடுத்துப் பயிற்சியாளரிடம், "அம்மா! நான் கேள்வி கேட்டேன், புது மெத்தையே பொறந்துடுச்சும்மா!" என்று கட்டிடம் அதிரக் கத்தினார். மனைவிக்கும் சொன்னார். பழைய குரலைக் கேட்டு அவள் இன்னும் கொஞ்சம் அழுதாள், இந்தமுறை சந்தோஷத்தில்.

பிறகு மாடியிலிருந்து இறங்கிய அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சொல்லும்மா! ஸ்பிரிங்கை மாத்துனியா, பஞ்சை மாத்துனியா?"

அவள் முதலாளி தள்ளி நிற்பதைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"உறையை மட்டும்தான் சார் மாத்தினேன். உள்ள இருக்கிறது போன வாரம் தேறாத அதே மெத்தைதான்."

"அதே மெத்தையா? அப்புறம் எப்படிம்மா அவர் தூங்கினார்?"

"இந்தத் தடவை மட்டும்தான் சார், 'ஐயா தூங்கறார், எவனும் சத்தம் போடாதீங்கடா'ன்னு நீங்க கீழேருந்து கத்தலை."