பச்சைக்கல் படுத்திய பாடு

கோட்டுப் பைக்குள் கல் இல்லை.

வரதராஜன் இன்னொரு முறை கையை விட்டுத் துழாவினார். நாரில் பின்னிய சிறு பை மட்டும் சப்பையாகக் கிடந்தது. உள்ளே இருந்த பச்சைக்கல்லைக் காணோம்.

அந்த நேரம் பார்த்துக் குளியலறையிலிருந்து தமயந்தி வந்தாள். முகமெல்லாம் எண்ணெய். கையில் அந்தக் கல். தாடையிலிருந்து காதுவரை அதை இழுத்துக் காட்டினாள்.

"கேக்காமலே வாங்கி வச்சிருக்கீங்க. கல்யாணமானதிலேருந்து இதுதாங்க முதல் தடவை."

அவள் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டே, இது உனக்கு வாங்கியதில்லை என்று சொல்லும் தைரியம் ஆக்லாந்தில் எந்தக் கணவனுக்கும் கிடையாது. வரதராஜன் சிரித்து வைத்தார்.

விஷயம் இதுதான். கொஞ்ச நாளாகவே தமயந்தி முகத்தை நீவிவிடும் கருவி ஒன்று வாங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜேட் ரோலரை உருட்டினால் வீக்கம் வடியும் என்றது ஒரு வீடியோ. குவா ஷா என்னும் தட்டைக்கல்லால் வழித்தால்தான் தாடை எடுப்பாகும் என்றது இன்னொன்று. கல்லே வேண்டாம், ஸ்டீல்தான் சுத்தம் என்றது மூன்றாவது. இப்போது குடியிருக்கும் பிளாக்ஹவுஸ் பே வீட்டை ஒரே பார்வையில் பிடித்துப்போய் வாங்கச் சொன்னவள் அவள். முகம் தேய்க்கும் கல்லுக்கு முடிவெடுக்க முடியாமல் திண்டாடினாள். எந்நேரமும் இதே பேச்சு. வரதராஜன் ஆபீசில் சாப்பாட்டு வேளையிலும் இதையே சொல்லிப் புலம்பினார்.

இதற்கு நடுவில்தான் அவருடைய மேலாளர் ஹானா, லீவில் போகும்முன் அந்த நார்ப்பையை அவர் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். பிரித்தால் பச்சைக்கல்.

ஹானா நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரிப் பெண். அவர் கழுத்தில் எப்போதும் ஒரு பச்சைக்கல் தொங்கும். பொனாமு என்பார். அது அவருக்கு அம்மா கொடுத்தது. தனக்குத்தானே வாங்கிக்கொள்வது வழக்கமில்லை, ஒருவர் மனமுவந்து கொடுத்துத்தான் வரவேண்டும், கைமாறி வரும் கல்லை வீட்டு மனுஷர் போலவே மதிப்போம் என்று ஹானா சொல்லி வரதராஜன் கேட்டிருக்கிறார்.

அப்படிப்பட்ட கல் தனக்கா? வரதராஜனுக்கு உடம்பு சிலிர்த்தது. உள்ளங்கையில் வைத்தால் சில்லென்றிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஒரு காடே தெரிந்தது. வந்தேறிய ஊரில் ஒருவர் தன்னை வீட்டு மனுஷனாக நினைத்துவிட்டாரே என்று பூரித்துப்போனார். நன்றி சொல்ல வார்த்தை இல்லை, சனிக்கிழமை சாப்பிட வாருங்கள் என்று ஹானாவுக்கு எழுதினார். கட்டாயம் வருகிறேன், வீட்டில் அது எப்படி இருக்கிறதென்று பார்க்க ஆசை என்று பதில் வந்தது.

நல்ல நாள் பார்த்துப் பூஜை அறையில் வைக்கலாமென்றுதான் கோட்டுப் பையில் வைத்திருந்தார். அதை எடுத்துத்தான் தமயந்தி இப்போது மூக்கோரம் வழித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமைக்குள் கல்லை மீட்டாக வேண்டும். அவள் மனசும் நோகக்கூடாது. வரதராஜன் த்ரீ கிங்ஸ் கடைக்குப் போய் ஒரு ஜேட் ரோலர் வாங்கிவந்தார். இதை வைத்துக்கொண்டு அதைத் தந்துவிடுவாள் என்பது கணக்கு. தமயந்தி நெகிழ்ந்துபோனாள். ரோலரைக் கழுத்துக்கு வைத்துக்கொண்டாள். கல் முகத்துக்கே என்றாள்.

மறுநாள் ஸ்டீலில் ஒன்று வாங்கிவந்து, கல் தோலுக்கு ஆகாதாம், படித்தேன் என்று பயமுறுத்தினார். அது வேலை செய்தது. சாயங்காலம் அவர் வீடு திரும்பியபோது தமயந்தி ஸ்டீலால் வழித்துக்கொண்டிருந்தாள்.

"கல் எங்கே?"

"பக்கத்து வீட்டு கிருசாந்திக்குக் கொடுத்துட்டேன். பாவம், அவளும் ரொம்ப நாளா எதை வாங்கறதுன்னு குழம்பிட்டிருந்தா."

கல் தோலுக்கு ஆகாதென்றால் கிருசாந்தி தோலுக்கு மட்டும் ஆகுமா என்று கேட்கக்கூட அவருக்கு நேரமில்லை. வேலியோரம் ஓடினார். கிருசாந்தி பின்வாசல் படியில் உட்கார்ந்து காலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவள் கையில் கல். கல்லுக்குக் கீழே குதிகால்.

"முகத்துக்கு எனக்குச் சரிவரேல்லை அண்ணை. ஆனா குதிக்கால் வெடிப்புக்கு நல்ல சுகமாயிருக்கு."

வரதராஜனுக்குக் கண் இருட்டியது. ஒரு பரம்பரையின் கௌரவம் குதிகாலில் தேய்ந்துகொண்டிருந்தது. அவசரமாக வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

"ஓம், கொண்டு போங்கோ. அக்காவோட ஏதும் சண்டையோ?"

கல்லை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து பாலில் கழுவினார். தண்ணீரில் கழுவினார். சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். பூஜை அறையில் மஞ்சள் பட்டுத்துணி விரித்து அதன்மேல் வைத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் தமயந்தி.

இனி மறைக்க வழியில்லை. கல் யார் கொடுத்தது, என்ன கல், எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்போ இது எனக்குன்னு வாங்கினது இல்லை."

"இல்லை."

"ரோலரும் ஸ்டீலும்?"

"இதை உன்கிட்டேருந்து வாங்கறதுக்கு."

அவள் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. உள்ளே போய் ரோலரையும் ஸ்டீலையும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். வரதராஜனுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. பொண்டாட்டி முகத்துக்கு ஒரு கல் வாங்க இந்த மனுஷனுக்கு ஏன் தோன்றவில்லை?

ஆனால் தமயந்தியின் பார்வை பட்டுத்துணிக்குப் போயிற்று. கை தானாகக் கன்னத்தைத் தொட்டது. அந்தக் கன்னம் பளிங்கு மாதிரி இருந்ததை அப்போதுதான் வரதராஜனும் கவனித்தார். அவர்கள் குடும்பத்தில் யார் முகமும் அப்படி மின்னியதில்லை.

"சும்மா கல்லுக்கு முகம் இப்படி ஆகுமா? அதோட சக்திங்க" என்றாள், குரல் இறங்கி. "தெரியாமத் தேய்ச்சுட்டேனே." கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு தோட்டத்து மல்லிகையைக் கிள்ளிவந்து கல்லைச் சுற்றி வைத்தாள். இருவரும் விழுந்து கும்பிட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் ஹானா வந்தார். தமயந்தி தலையை நிமிர்த்தவேயில்லை. மின்னும் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். சாப்பாட்டுக்கு முன்னாலேயே உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவதென்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். வரதராஜன் விருந்தாளியைப் பூஜை அறைக்கு அழைத்துப் போனார்.

ஹானா கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றார். பிறகு கண்ணைத் திறந்து பட்டுத்துணியையும் சந்தனத்தையும் மல்லிகையையும் பார்த்தார். அவர் கை தன் கழுத்துக் கல்லைத் தொட்டது. வரதராஜன் வாய் திறக்கப் போனார். அதற்குள் ஹானா தமயந்தியின் பக்கம் திரும்பி, கோவிலில் பேசுவதுபோல மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் கேட்டார்:

"இவர் தினமும் சாப்பாட்டு நேரத்துல உங்களைப் பத்தியே பேசறாரேன்னுதான் ஏவன்டேல் சந்தையில இந்த குவா ஷாவை உங்களுக்கு வாங்கினேன். உங்க வழக்கத்துல முகத்துல தேய்க்கற கல்லையும் முதல்ல சாமிக்கு வச்சுட்டுத்தான் தேய்ப்பீங்களா?"